ஆக்கிரமிப்புச் செடிகளைப் பறித்துச் சமைக்கலாமா, மருந்துக்கு எடுக்கலாமா?

ஓடைக்கரை:

வணக்கம் நண்பர்களே. நான் தினமும் நடக்கும் வழியில் ஓர் ஓடை இருக்கிறது. அதன் கரை முழுக்க ஜப்பான் நாட்வீட் என்ற, மூங்கில் போலத் தண்டு விடும் செடி மண்டிக் கிடக்கிறது, கொஞ்சம் தள்ளி மரநிழலில் தரையே தெரியாத அளவுக்குக் கார்லிக் மஸ்டர்ட் என்ற, பூண்டு வாசனை அடிக்கும் கீரைச்செடி படர்ந்திருக்கிறது. இரண்டுமே வெளியிலிருந்து வந்து அங்கே இயல்பாக வளரும் செடிகளை நெருக்கித் தள்ளிவிடும் வகை, இரண்டையும் சாப்பிடலாம் என்றும் படித்தேன். காட்டில் கீரையோ கிழங்கோ எடுக்கப் போனால் அரிதான ஏதோ ஒன்றைப் பிடுங்கிவிடுவோமோ என்று எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருக்கும். இந்தச் செடிகளில் அந்தக் கவலையே இல்லை, எவ்வளவு பறித்தாலும் அந்த இடத்துக்கு நல்லதுதானே?

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். சாப்பிட்டுச் சாப்பிட்டே இவற்றைக் குறைக்க முடியுமா, இல்லை அது வெறும் ஆசைதானா? எந்த இடத்தில் பறிக்கக் கூடாது? அப்புறம் மருந்து விஷயம். அம்மாவுக்கு மூட்டு வலி, நாட்வீட் வேரைக் காயவைத்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் குறையும் என்று யாரோ சொல்லி, கொண்டுவந்து தரச் சொல்கிறார். அவர் ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் சர்க்கரைக்கு ஒரு மாத்திரையும் எடுக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

வேரடி:

நாட்வீட் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் அதை அகற்றும் வேலையில் இருப்பவன், அதை ஆசையாகச் சாப்பிடுகிறவனும் கூட. சாப்பிடலாம், ருசியாகவும் இருக்கும். ஆனால் நீங்கள் கேட்ட "எவ்வளவு பறித்தாலும் நல்லதுதானே" என்பதற்கு என் பதில், "இல்லை" என்பதுதான். இந்தச் செடியைப் பறிக்கிற ஒவ்வொரு கையும் அதைப் பரப்பக்கூடிய கை.

காரணம் இது. 1840களில் சீபோல்ட் என்ற மருத்துவர் மூலம் இது ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்கு வந்தது, 1847-ல் உட்ரெக்ட் நகரத்துத் தோட்டக்கலைச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த புது அலங்காரச் செடி என்று இதற்குத் தங்கப் பதக்கமே கொடுத்தது. 1850-ல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. இன்று பிரிட்டன் முழுக்க இருப்பது ஒரே பெண் செடியின் துண்டுகள்தான். அங்கே விதையால் பரவவில்லை, வெட்டிப்போட்ட தண்டும் மண்ணோடு அள்ளிக் கொட்டிய கிழங்கும்தான் நாடு முழுக்கக் கொண்டுபோயின. ஒரு கிராமுக்கும் குறைவான கிழங்குத் துண்டு போதும், முளைத்துவிடும். பச்சைத் தண்டின் கணுவும் ஈரம் பட்டால் வேர் விடும். இப்போது யோசித்துப் பாருங்கள், பறித்த குருத்தைச் சமையலறையில் சீவி, தோலையும் அடிக்கட்டையையும் தோட்டத்து உரக்குழியில் போட்டால் என்ன ஆகும்?

அதனால் பறிக்கும் முறை முக்கியம். இளவேனிலில் குருத்து ஒரு சாண் உயரம் வந்ததும் எடுக்க வேண்டும். அப்போது அது சிவப்புப் புள்ளி தெளித்த தடித்த முளை மாதிரி இருக்கும், நுனியில் இலை இன்னும் சுருண்டே இருக்கும், கணுவைச் சுற்றி மெல்லிய காகிதம் போல ஓர் உறை தெரியும், உடைத்தால் 'டப்' என்று உடையும், உள்ளே குழலாக இருக்கும். முழங்கால் உயரம் போய்விட்டால் நார்தான். பிடுங்கக் கூடாது, கத்தியால் தரைக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். பிடுங்கினால் கிழங்கின் தலையும் சேர்ந்து வந்துவிடும். அறுத்ததை வாய் கட்டிய பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் ஒரு துண்டும் விழக் கூடாது, ஓடைக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் கவனம், ஒரு கணு தண்ணீரில் போனால் கீழே இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். கிளம்பும் முன் செருப்பையும் கத்தியையும் அங்கேயே துடைத்துவிடுங்கள். வீட்டில் மிஞ்சிய கழிவை எல்லாம் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெந்தபிறகு எறியுங்கள். வெந்தது முளைக்காது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைக் காட்டுவெளியில் நடுவதோ வளரச் செய்வதோ குற்றம், 1990 சட்டப்படி இதன் மண்ணும் துண்டும் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு, சாதாரணக் குப்பையில் போட முடியாது. உங்கள் ஊரில் என்ன விதி என்று பறிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

களைக்கொல்லி மருந்து அடித்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பலகை வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடித்த நாட்வீட் அடுத்த பருவத்தில் சாகாமல் முளைத்தால் குட்டையாக, புதர் போல, சின்னச் சின்ன ஒடுங்கிய இலைகளோடு கோணலாக வரும். பார்த்தவுடன் தெரியும், நல்ல குருத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பழைய காய்ந்த தண்டுகளில் கணுவுக்குக் கீழே வட்டமாகத் துளை இருந்தால் ஊசி மூலம் மருந்து செலுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டில் எதைக் கண்டாலும் அந்தப் பக்கமே தொடாதீர்கள். ரயில் பாதை ஓரம், பழைய தொழிற்சாலை மனை, கட்டட இடிபாடு கொட்டிய இடம் இவையும் வேண்டாம், இந்தச் செடி கெட்டுப்போன மண்ணிலும் செழித்து வளரும், மண்ணில் உள்ள உலோகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு தடவை குருத்து பறித்ததால் அது குறையாது, கிழங்கில் சேமிப்பு இருக்கிறது, திரும்ப முளைக்கும். வளரும் பருவம் முழுக்க விடாமல் அறுத்து, அதையே சில ஆண்டுகள் தொடர்ந்தால்தான் களைத்துப்போகும். சாப்பிடுகிறவர்கள் வசந்தத்தில் ருசியான இரண்டு வாரம் மட்டும் வந்து போகிறார்கள், மீதி மாதங்கள் அது நிம்மதியாகக் கிழங்கில் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் கோடையிலும் வந்து நாராகிப்போனதை அறுப்பீர்களா என்பதுதான் கேள்வி.

தழைச்சத்து:

வேரடி சொன்னது நாட்வீட்டுக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாச் செடிக்கும் பயந்துவிட வேண்டாம். கார்லிக் மஸ்டர்ட் முற்றிலும் வேறு விஷயம். அது விதையால் மட்டுமே பரவும், இரண்டு ஆண்டுதான் வாழ்வு, வேரோடு பிடுங்கினால் அந்தச் செடி முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை என்பது என் கருத்து.

முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய வட்ட இலைக் கொத்து, இலை சிறுநீரக வடிவம், ஓரம் வளைவு வளைவாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் தண்டு நிமிர்ந்து, மேல் இலைகள் முக்கோணமாகி, ஓரத்தில் பல் வரும், உச்சியில் நான்கு இதழ் வெள்ளைப் பூ. கசக்கினால் பூண்டு வாசனை. ஆனால் வாசனையை மட்டும் நம்பக் கூடாது: நாலு செடியைக் கசக்கிய பிறகு உங்கள் விரலே பூண்டு வாசம்தான் அடிக்கும், அந்த விரலால் எதைத் தொட்டு முகர்ந்தாலும் சரியான செடி மாதிரியே தோன்றும். அதனால் இலை, பூ, வேர் மூன்றையும் பாருங்கள். வேர் மண்ணுக்குக் கீழே உடனே எஸ் வடிவில் ஒரு வளைவு வளைந்துதான் இறங்கும்.

மனிதர்கள் இதை நேற்று இன்று சாப்பிடவில்லை. டென்மார்க், வடக்கு ஜெர்மனிப் பகுதிகளில் சுமார் 6000 ஆண்டு பழைய சமையல் பானைகளில் ஒட்டியிருந்த படிவில் இந்தச் செடியின் நுண்துகள் கிடைத்தது, 2013-ல் அதை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இது முதலில் பதிவானது 1868-ல், நியூயார்க்கின் லாங் ஐலண்டில். குடியேறியவர்கள் கீரையாகவும் மருந்தாகவும் கொண்டுபோனதாகவே பலரும் சொல்கிறார்கள். அங்கே இதன் வேரிலிருந்து வரும் பொருட்கள் மரக்கன்றுகளோடு சேர்ந்து வாழும் பூஞ்சையைக் கெடுக்கின்றன, கன்றுகள் தேறுவதில்லை. காட்டின் அடித்தளத்தையே காலி செய்வது அப்படித்தான்.

எப்போது பறிப்பது? பூப்பதற்குச் சற்று முன், மொட்டு இருக்கும்போது. அப்போது தண்டின் நுனிப்பகுதி இளசாக இருக்கும், வதக்கினால் கசப்பு அளவாக இருக்கும். மழை பெய்த மறுநாள் போங்கள், மண் இளகியிருக்கும், தண்டின் அடியைத் தரையோடு பிடித்து மெதுவாக இழுத்தால் வேர் முழுசாக வரும். அவசரப்பட்டு மேலே பிடித்து இழுத்தால் கழுத்தில் அறுந்துவிடும், அறுந்த வேர் மறுபடி தண்டு விடும், அதுவும் பூக்கும். பூத்த செடியைப் பிடுங்கி அங்கேயே எறிந்துவிட்டு வரக் கூடாது. பிடுங்கிய பிறகும் அதில் மிச்சமிருக்கும் சத்தை வைத்து விதை முற்றிவிடும். பையில் கட்டிக் கொண்டுவந்து அப்புறப்படுத்த வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும், அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நாங்கள் சில பேர் ஒரு சிறிய காட்டுத் திட்டை எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் போகிறோம், அந்தத் திட்டில் இப்போது வயலட் பூச்செடி திரும்பி வந்திருக்கிறது, அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. காடு முழுக்கக் காப்பாற்றுவோம் என்று கிளம்பாதீர்கள், ஒரு திட்டு போதும்.

சாப்பிடும்போது ஒன்று. இதில் சிறிதளவு சயனைடு சேர்மம் உண்டு, கடுகு இனத்துக்கே உரிய காரச் சத்தும் உண்டு. தினம் தினம் பச்சையாகக் கைநிறையத் தின்பது வேண்டாம். வேகவைத்து, இடைவெளி விட்டு, மற்ற கீரையோடு கலந்து சாப்பிட்டால் போதும்.

குப்பி:

நான் மருந்தாளுநர். அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், தயவுசெய்து இதை ஒத்திப்போடாமல் படியுங்கள்.

நாட்வீட் வேரைக் கஷாயம் வைத்துக் கொடுக்காதீர்கள். அந்த வேர் ஒன்றுமில்லாத வேர் என்பதால் சொல்லவில்லை, வேலை செய்கிற வேர் என்பதால்தான் சொல்கிறேன். சீன மருத்துவத்தில் ஹூ ஜாங் என்ற பெயரில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடைகளில் ரெஸ்வெரட்ரால் என்று குப்பியில் விற்கும் மாத்திரைகளில் நிறைய இந்த வேரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கூடவே எமோடின் இருக்கிறது, அது பேதியாக்கும். ரெஸ்வெரட்ரால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை உள்ளது. உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை போடுகிற ஒருவருக்கு அதன் மேல் இன்னொன்றையும் கொடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து. வயதானவர், பேதியும் சேர்ந்து நீர்ச்சத்து இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். வேரில் எந்த அளவு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மண்ணுக்கு மண், மாதத்துக்கு மாதம் மாறும், ஒரு கைப்பிடி வேர் என்பது ஓர் அளவே இல்லை. அதுவும் உலோகம் ஊறிய கரை மண்ணில் எடுத்த கிழங்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

குருத்தைச் சாப்பிடுவது வேறு, வேரை வற்றக் காய்ச்சுவது வேறு. குருத்தில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், அதனால்தான் அந்தப் புளிப்பு. சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டால் அமிலம் கணிசமாகக் குறையும்.

இதே மாதிரிக் கதையாக இன்னும் சில ஆக்கிரமிப்புச் செடிகள். குட்ஸு கொடியின் கிழங்கில் புவெரரின் என்ற பொருள் உண்டு. குடிப்பழக்கத்தைக் குறைக்குமா என்று 2005-ல் வெளியான ஆய்வில், அந்தச் சாறு எடுத்தவர்கள் கொடுத்த பீரில் குறைவாகக் குடித்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆய்வில் இருந்தது 14 பேர். அதை வைத்துக்கொண்டு கிழங்கைத் தோண்டி வைத்தியம் பார்க்க முடியாது. அதில் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் பொருட்கள் உண்டு, மார்பகப் புற்றுக்கு டமோக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் தொடக் கூடாது, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை மேலும் இறங்கலாம். உண்ணிச்செடி இலையைத் தேநீராகக் குடிக்கலாம் என்று எழுதுகிறார்கள். அதே இலையைத் தின்ற மாடும் ஆடும் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வெந்து சாகின்றன. லான்டடீன் என்பது அந்த நஞ்சின் பெயர். பார்த்தீனியத்தை மருந்தென்று தொடவே வேண்டாம், பிடுங்கும்போதுகூடக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அதன் மகரந்தம் காற்றில் வந்தாலே முகமும் கழுத்தும் தடித்துவிடும்.

அம்மாவிடம் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வலி இருக்கிறதால்தான் கேட்கிறார். இந்த வேரைக் குடிக்க நினைத்தேன் என்று மருத்துவரிடமே சொல்லச் சொல்லுங்கள், வலிக்கு வேறு வழி பேச அதுவே ஒரு தொடக்கம். ஏற்கெனவே எங்கேனும் வாங்கிக் குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நெற்று:

நான் வறண்ட நிலத்துக்காரன், நாட்வீட்டை நேரில் பார்த்ததே இல்லை. எங்களுக்குச் சீமைக்கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும்தான். ஆனால் கேள்வியின் அடி ஒன்றுதான், சாப்பிட்டு ஒழிக்க முடியுமா என்பது.

சீமைக்கருவேல நெற்று இனிப்பானது. காய்ந்த நெற்றை ஒடித்து வாயில் போட்டால் விதையைச் சுற்றியிருக்கும் சதை வெல்லப்பாகு போல ஒட்டும். மாவாக அரைக்கலாம், இதன் உறவுக்கார மரங்களின் நெற்றை வட அமெரிக்கப் பாலைவனத்துப் பழங்குடிகள் முக்கிய உணவாகவே வைத்திருந்தார்கள். மரத்திலிருந்தே பறிக்க வேண்டும், மழைக்கு முன்பே. தரையில் விழுந்து ஈரம் பட்ட நெற்றில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும், அது வேகவைத்தாலும் போகாது. கறுப்புத் திட்டு இருக்கும் நெற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இந்த மரம் பரவுவதே தின்னும் வாய்களால்தான். ஆடு மாடு நெற்றைத் தின்னும், கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு விழும், எருவும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கிறது, முளைத்துவிடும். ஆகவே நெற்றை அப்படியே கால்நடைக்குப் போடுவது பரப்பும் வேலை, விதையோடு சேர்த்து அரைத்துப் போடுவது ஒழிக்கும் வேலை. ஒரே நெற்று, நடுவில் ஓர் அரவை இயந்திரம்தான் வித்தியாசம். கென்யாவில் பாரிங்கோ பக்கம் இதைத்தான் செய்து பார்த்தார்கள், அரைத்த நெற்றைத் தீவனமாக்கினார்கள். அரைத்தாலும் அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது, நெற்றை மட்டுமே நீண்டகாலம் தின்ற கால்நடைக்குத் தாடை நரம்பு கெட்டு மெல்ல முடியாமல் போகிறது.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. ஒரு செடியை வைத்துப் பிழைப்பு நடக்க ஆரம்பித்தால் அந்தச் செடியை யாரும் ஒழிக்கவிட மாட்டார்கள். சீமைக்கருவேலத்தைக் கரிக்கு வெட்டுகிறவர் வேரைத் தோண்டமாட்டார், அடியை விட்டுத்தான் வெட்டுவார், அதிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளை வரும், அடுத்த வெட்டுக்கு ஆகும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை, சோறு போடுகிற மரத்தை எப்படிக் கொல்வார்? சாப்பாட்டுக்கும் இதே நடக்கும். ஓர் ஊரில் ஆக்கிரமிப்புச் செடி சமையல் பிரபலமாகி, விலை வந்துவிட்டால், அது இல்லாத இடத்தில் கொண்டுபோய் நடுகிற ஆளும் வருவார். அதனால் வீட்டுக்குப் பறித்துச் சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், விற்பனைப் பொருளாக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் செடி தீர்ந்துபோனால் தங்கள் வருமானம் என்ன ஆகும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டுத் தீர்க்கும் யோசனை புதியதும் அல்ல. 1910-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் லூசியானாவின் புரூசார்ட் என்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார்: ஆறுகளை அடைத்த ஆகாயத்தாமரையைத் தின்ன ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குவோம், நீர்யானையை மக்கள் இறைச்சியாகச் சாப்பிடட்டும் என்று. நிறைவேறவில்லை, நல்ல வேளை. சப்பாத்திக்கள்ளி கதை வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரை அது மூடியிருந்தது. மனிதர்கள் தின்று தீர்க்கவில்லை, 1926-ல் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் தின்று தீர்த்தன. அதே பூச்சி 1989-ல் ஃப்ளோரிடாவில் தென்பட்டபோது மெக்சிகோ நடுங்கியது, ஏனென்றால் அங்கே அந்தக் கள்ளி சொந்தச் செடி, மடலும் பழமும் தினசரி உணவு. 2006-ல் மெக்சிகோவின் யுகட்டான் ஓரத் தீவுகளுக்கு வந்த பூச்சியை ஓடி ஓடி அழித்தார்கள்.

கள்ளிப் பழம் பறிக்கிறவர்களுக்கு: பெரிய முள் பிரச்சினையே இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொன்னிற முடி முள்தான் பிரச்சினை. இடுக்கியால் திருகி எடுத்து, தணலில் உருட்டிச் சுட்டுவிட்டு, அப்புறம்தான் கையில் தொட வேண்டும்.

மூவிலை:

சுருக்கமாக, அடையாளம் பற்றி. செடி நல்லது, இடம் நல்லது என்றாலும் பக்கத்தில் நிற்பது என்ன என்று பார்க்காமல் கைநிறைய அள்ளுவதுதான் ஆபத்து. குட்ஸு படர்ந்த இடத்தில், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஐவிக் கொடியும் பின்னிக்கொண்டு வரும், இரண்டுக்கும் மூன்று மூன்று இலை. குட்ஸுவின் இளந்தண்டில் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும், தடவினால் தெரியும், ஆனால் தடவிப் பார்ப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். ஓடைக்கரையில் ஜயன்ட் ஹாக்வீட் நின்றால் கிட்டே போகாதீர்கள், அதுவும் ஆக்கிரமிப்புச் செடிதான், சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளிக்கும், அந்தத் தோல் நெடுநாள் வெயில் தாங்காது. அதன் குடும்பத்தில்தான் ஹெம்லாக்கும் இருக்கிறது, வழுவழுப்பான தண்டில் ஊதாத் திட்டு, தின்றால் உயிரே போகும். குடை மாதிரி வெள்ளைப் பூ வைக்கிற எதையும் புதியவர்கள் பறிக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. தரையில் படரும் பருப்புக்கீரை எடுக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை.

ஆகாயத்தாமரையைச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால், எந்தத் தண்ணீரில் மிதந்தது என்று கேளுங்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி எடுக்கிறது என்பதற்காகவே கழிவுநீரைச் சுத்தப்படுத்த அதை வளர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் அது தடைப் பட்டியலில் இருக்கிறது, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாலே சட்ட மீறல்.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. குப்பி, அம்மாவிடம் இன்றே பேசினேன். வேர் வேண்டாம் என்றதும் முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் மருத்துவரிடம் நாமே கேட்போம் என்றதும் ஒத்துக்கொண்டார். முன்பதிவு போட்டாயிற்று.

ஓடைக்கரை நாட்வீட்டைப் போய்க் கவனித்துப் பார்த்தேன். பழைய தண்டுகளில் வேரடி சொன்ன அதே துளைகள் வரிசையாக இருக்கின்றன. அதனால் அதை விட்டுவிடுகிறேன். மரநிழல் கார்லிக் மஸ்டர்டில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அது ஓடையிலிருந்து ஏறக்குறைய முப்பது அடி தள்ளி மேட்டில் இருக்கிறது. கரையில் மருந்து போட்டிருக்கிறார்கள் என்றால் மேட்டில் இருப்பதைச் சாப்பிடலாமா?

வேரடி:

துளை போட்டு உள்ளே செலுத்துவது தெளிப்பது மாதிரி காற்றில் பறந்து பரவாது, அதனால் மேட்டில் இருப்பதற்குப் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. ஆனால் அதே ஆட்கள் தரைச் செடிக்குத் தெளிப்பானும் கொண்டுவந்திருக்கலாம். அந்த நிலத்தைப் பராமரிக்கிறவர் யார் என்று கேட்டு, எங்கே எப்போது என்ன போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பறிக்க அனுமதியும் அதே பேச்சில் வாங்கிவிடலாம். அனுமதி கிடைத்த பிறகும், என்ன போட்டார்கள் என்று தெரியும்வரை பிடுங்குங்கள், பையில் கட்டி எறியுங்கள், சாப்பிட மட்டும் வேண்டாம்.

தழைச்சத்து:

வேரடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேட்டின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். அடர்த்தியான நடுப்பகுதியில் முதலில் கைவைக்கத் தோன்றும், ஆனால் ஓரத்தில் தனித்தனியாக நிற்கும் செடிகள்தான் புது இடத்துக்கு விதை கொண்டுபோகும். மொட்டு விட்டவற்றை முதலில், வட்ட இலைக் கொத்தாகத் தரையில் இருப்பதை அப்புறம். அடுத்த ஆண்டு அதே ஓரத்தில் மறுபடி முளைத்திருக்கும், மனம் தளராதீர்கள், பழைய விதைதான்.